பெறுபவர் பெயர் சென்னியப்பன்

செப்டம்பர் 3, புதன்

கம்பெனியில் இருந்தவரை தினமும் வேலைக் குறிப்பு எழுதியாக வேண்டும். பெட்ஷீட் விற்கிற கம்பெனி. அதற்கு ஆன்லைன் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்து, என்னை அதற்குத் தலைமையாக்கி, போன மார்ச்சில் அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். பிரிவு போனது, பழக்கம் போகவில்லை. இனி இது எங்கள் கடையின் வேலைக் குறிப்பு.

கடை என்றால் ஷட்டர், போர்டு, கல்லாப்பெட்டி ஒன்றும் கிடையாது. என் மனைவி கோகிலவாணி இந்த ஈரோட்டில் பல வருஷம் தையல் வகுப்பு எடுத்தவள். பிளவுஸ் வெட்டுவதற்கு அவள் முழு அளவில் வரைகிற படங்களை பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் விற்கிறோம். வாங்குகிறவர்கள் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, தாள்களை ஒட்டி, துணி மேல் வைத்து வெட்டிக்கொள்ளலாம். ஒரு படம் நாற்பத்தொன்பது ரூபாய். வரைவதும் யூடியூபில் பேசுவதும் அவள். மற்ற எல்லாம் நான். தளம், பணம் கட்டுகிற செக்-அவுட் பக்கம், பணத்தை வாங்கி அனுப்புகிற கேட்வே, பேங்க் கணக்கு, எல்லாம் என் பெயரில் இருக்கிறது.

அவள் பேச்சைக் கேட்க யூடியூபில் கூட்டம் அம்முகிறது. தளத்துக்கும் வருகிறார்கள். 'பணம் செலுத்து' என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். அழுத்தியவர்களில் பாதிப் பேர் பணம் கட்டாமலே திரும்பிப் போய்விடுகிறார்கள். அதுதான் வியாதி. காரணம் பிடிபடவில்லை.

இதற்கு நடுவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆப் கம்பெனி வந்து நிற்கிறது. கோகிலாவின் படங்களை அவர்கள் ஆப்பில் வைத்து விற்பார்களாம். விற்பதில் முப்பது சதவீதம் அவர்களுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டால் நாங்கள் சொந்தமாக ஒரு படம்கூட விற்கக் கூடாது. அக்டோபர் பத்தாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள்.

"தீவாளிக்கு ஜாக்கெட்டு தெக்கிற சமயத்துல விக்காதது, பொறவு எப்பத்தான் விக்கும்? அதுக்குள்ள நம்ம கடை காலூனி நின்னா நாமளே நடத்தலாமுங்க. இல்லீன்னா நான் அவியளுக்குக் கையெழுத்துப் போட்டுருவேன்" என்று கோகிலா சொல்லிவிட்டாள்.

முப்பது சதவீதம்! பகல் கொள்ளை. நான் இருக்கிறவரை நடக்காது.

செப்டம்பர் 4, வியாழன்

செக்-அவுட் பக்கத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். அது பெட்ஷீட் கடைக்கு நான் செய்த பக்கத்தின் நகல். கதவு எண், தெரு, லேண்ட்மார்க், பின்கோடு என்று வரிசையாகக் கேட்கிறது. அதைக் கோகிலாவிடம் காட்டியிருக்கக் கூடாது.

"பிள்ளையார் கோயிலுக்கு எதுக்காலன்னு எழுதுனா பிடிஎப்பு அங்க வந்து எறங்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விலாசம் முழுவதையும் எடுத்துவிட்டேன். புதுக் கணக்கு தொடங்கு, பாஸ்வேர்டு வை என்பதையும் எடுத்தேன். கூப்பன் பெட்டியையும் எடுத்தேன். காலியாக ஒரு பெட்டியைப் பார்த்தால் நம் ஜனம் கூப்பனைத் தேடி ஊர் சுற்றப் போய்விடும், திரும்பாது. இப்போது பெயர், போன் நம்பர், மெயில் மட்டும். பொத்தானை ஆரஞ்சு நிறமாக்கினேன்.

"எல்லாஞ் சரி. ஒருக்கா நீங்களே உங்க போன்ல நம்ம படத்தக் காசு குடுத்து வாங்கிப் பாருங்களேன்" என்றாள்.

என் காசை நானே எனக்குக் கொடுத்து, அதற்கு நடுவிலிருப்பவனுக்குக் கூலியும் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? நூற்றுக்கு இரண்டு ரூபாய் கேட்வேக்காரன் கூலி. அந்தக் கூலியின் மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அவன் எடுத்த கூலி எடுத்ததுதான். இதற்கென்றே சோதனை முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பொம்மைப் பணம், பொம்மை பேங்க். அதில் இன்றைக்குப் பலமுறை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பச்சை டிக் விழுந்தது. பக்கத்தில் ஒரு கோளாறும் இல்லை.

செப்டம்பர் 8, திங்கள்

பொத்தானை அழுத்துகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். விலாசம் எடுத்ததன் பலன். ஆனால் அழுத்திய பிறகு கட்டுகிறவர்கள் அதே பாதிதான். கோகிலா முகத்தில் சந்தோஷம் இல்லை.

தண்ணீர் லாரி வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

கேட்வே கூலியை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று தோன்றியது. கடைசிப் பக்கத்தில் 'சேவைக் கட்டணம் ரூ.2' என்று சேர்த்தேன். மதியத்துக்குள் யூடியூபில் வந்து திட்டத் தொடங்கிவிட்டார்கள். நாற்பத்தொன்பது என்று சொல்லிவிட்டு ஐம்பத்தொன்று கேட்கிறீர்களே, அக்கா இப்படிச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை என்று ஒரு நாமக்கல்காரி. இரண்டு ரூபாய்க்கு இத்தனை பேச்சு. பிளவுஸ் தைக்க எவ்வளவு கூலி வாங்குகிறாள் என்று கேட்கலாம் போல இருந்தது.

கோகிலா போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "மானம் போகுதுங்க. மொதல்ல அத எடுங்க. இல்ல, பாஸ்வேர்டச் சொல்லுங்க, நானே எடுத்துக்கறேன்."

"அதெல்லாம் உனக்கெதுக்கு அம்மிணி? எதையாச்சும் அமுக்கி வெச்சுருவ" என்றேன்.

போனை நீட்டியபடியே நின்றாள். நானே எடுத்துவிட்டேன். மறு யோசனையில் எனக்கும் சரியென்று பட்டதால்தான் எடுத்தேன்.

செப்டம்பர் 13, சனி

ஒரு வினோதம். சிங்கப்பூர், மலேசியா, துபாயிலிருந்து வாங்குகிறவர்கள் கார்டில் கட்டுகிறார்கள். அழுத்தினால் அழுத்தியதுதான், கட்டிவிட்டுத்தான் மறுவேலை. உள்ளூர்க்காரர்கள்தான் பொத்தானை அழுத்தி, போனில் பேமெண்ட் ஆப் திறந்து, அங்கே என்னத்தையோ பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். வெளியூர் போனால் மனுஷருக்கு ஒரு தீர்மானம் வந்துவிடுகிறது போல.

வெளிநாட்டுக் கார்டுக்குக் கூலி அதிகம். கரன்சி மாற்றத்துக்கு வேறு தனியாகப் பிடிக்கிறான். கட்டுகிறவர்களிடம் பிடித்தம் அதிகம், பிடித்தம் குறைவாக உள்ளவர்கள் கட்டுவதில்லை. இப்படி ஒரு தலையெழுத்து.

செப்டம்பர் 17, புதன்

வெங்காயம், எலுமிச்சை வாங்க மார்க்கெட் போனேன். பழைய கம்பெனித் திருமூர்த்தி எதிரே வந்துவிட்டான். இப்போது திருப்பூரில் எங்கோ மேனேஜராம். கையில் புது வாட்ச்.

"நீங்க என்ன பண்றீங்க சார்?" என்றான்.

"சொந்தமா ஆன்லைன் கடை நடத்தறேன். டிசைன் எல்லாம் டிஜிட்டலா விக்கறோம். வெளிநாடு வரைக்கும் போவுது" என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் டிங் என்று பணம் வந்த சத்தம். எடுத்து அவனுக்குக் காட்டினேன். ஒரு நாற்பத்தொன்பதுதான். தொகையை விரலால் மறைத்துக்கொண்டேன்.

யாருடைய கடை என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 20, சனி

காங்கேயத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள். பெயர் பூரணி. வீட்டில் தைக்கிறவள். யூடியூபில் கோகிலா சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடி வந்திருக்கிறாள். பிடிஎஃப் வேண்டும், கையில் காசு கொடுக்கிறேன் என்றாள். கம்ப்யூட்டரில் விற்கிற பொருளுக்கு பஸ் சார்ஜ் கொடுத்து வந்த முதல் ஆள் இவளாகத்தான் இருப்பாள். என் செக்-அவுட் பக்கத்தின் லட்சணத்தை நினைத்து எனக்கு வயிறெரிந்தது.

கதவைத் திறந்தது நான். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, சென்னியப்பன்ங்கறது நீங்களுங்களா?"

"ஆமா, நாந்தான்."

"அட சாமி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தளத்தில் என் பெயர் எங்கேயும் இல்லை, எப்படித் தெரியும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

நான் படங்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் கட்டிங் மேஜை இருக்கும் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. பூரணி போன பிறகு கோகிலா வெகுநேரம் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துரு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது கோகிலா விஷயத்தை எடுத்தாள்.

"கேட்வே கணக்க என்ற பேருக்கு மாத்தணுமுங்க."

ஏன் என்றேன். சொன்னாள். பேமெண்ட் ஆப்பில் பணம் கட்டப் போனால் கோகிலா என்று வருவதில்லையாம். சென்னியப்பன் என்று வருகிறதாம். இந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு ஆப் இருப்பது புருஷன் கணக்கில். பணம் போனால் மெசேஜ் புருஷன் போனுக்குப் போகும்.

"ஆருடி இந்தச் சென்னியப்பன்னு கேட்டா நான் என்னங்கக்கா சொல்லுவேன்னு அந்தப் புள்ள கேக்குது. ஒருக்கா கட்டிப்போட்டு, அவ ஊட்டுக்காரரு லாரிய நிறுத்திப்போட்டு வந்து சண்ட போட்டாராமா. ஜாக்கெட்டுப் படம் வாங்குனேன்னு சொன்னா நம்பலையாமா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மளிகைக் கடை அண்ணாச்சி பெயரைப் பார்த்தா பருப்பு வாங்குகிறோம்? ஒரு பெண் சொன்னதை வைத்துக் கணக்கை மாற்ற முடியுமா? மாற்றுவது என்றால் சும்மாவா? புதிதாக பான் கார்டு, ஆதார், பேங்க் கணக்கு, வீடியோவில் சரிபார்ப்பு. நடுவில் ஏதாவது சிக்கினால் சீசனில் கடையே நின்றுவிடும். எல்லாவற்றையும் விளக்கமாக எடுத்துச் சொன்னேன்.

"சரீங்க" என்றாள். அவள் 'சரீங்க' சொன்னால் சரியில்லை என்று அர்த்தம். ரசம் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

கோகிலா குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்து எங்கள் தளத்தில் ஒரு படம் வாங்கினேன். சோதனை முறையில் இல்லை, நிஜப் பணம். பச்சைத் திரை வந்தது. நடுவில் பெரிய எழுத்தில்: பெறுபவர், சென்னியப்பன் கே. அதற்குக் கீழே, 'இவருக்குப் பணம் அனுப்புகிறீர்கள், உறுதியா?'

என் பெயர்தான். ஆனால் அந்தத் திரையில் பார்க்கும்போது யாரோ முன்பின் தெரியாத ஆளாக இருந்தான். எனக்கே அனுப்பலாமா என்று ஒரு நொடி கை நின்றது.

கடைப் பெயர் ஏன் வரவில்லை என்று விதிகளைப் படித்தேன். தனிநபர் பெயரில் தொடங்கிய கணக்கு, அதனால் ஆப்பில் அந்த நபரின் பெயர்தான் வரும். கார்டில் கட்டினால் தளத்தின் பெயர் வருகிறது. அதனால்தான் சிங்கப்பூர்க்காரிகளுக்குத் தீர்மானம் இருக்கிறது.

கூலியாக ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் போயிற்று. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை மாதம் இதைப் பார்க்காமல் இருந்தேன். இங்கே எழுத முடியாத அளவுக்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 24, புதன்

கணக்கை மாற்றாமலே சரிசெய்ய வழி கண்டுபிடித்துவிட்டேன். பொத்தானுக்கு மேலே ஒரு கட்டம் போட்டு எழுதினேன்: 'பணம் கட்டும்போது சென்னியப்பன் என்று வரும். பயப்பட வேண்டாம். அவர் கோகிலா அக்காவின் கணவர்.' நம்பிக்கை வரட்டும் என்று என் போட்டோவையும் சேர்த்தேன். மச்சினன் கல்யாணத்தில் எடுத்தது, சட்டை நன்றாக இருக்கும்.

கோகிலாவிடம் இன்னும் சொல்லவில்லை. பலன் தெரிந்ததும் சொல்லலாம்.

செப்டம்பர் 25, வியாழன்

பலன் தெரிந்துவிட்டது. பொத்தானை அழுத்துகிறவர்களே குறைந்துவிட்டார்கள்.

கோகிலாவுக்கும் தெரிந்துவிட்டது. யூடியூபில் ஒருத்தி, "அக்கா, பணங்கட்டுற எடத்துல ஒரு மீசைக்காரர் மொறைக்கிறாருங்க, சைட்ட யாராச்சும் திருடிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"எடுங்க மாமா" என்றாள் கோகிலா. சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"கொஞ்சம் டைம் குடு, சிரிச்ச மாதிரி வேற போட்டோ..."

"மாமா."

எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. கரண்ட் பில் கட்டினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தையல் மிஷின், கத்தரிக்கோல்கள், அளவு டேப், என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். லேப்டாப்பின் கேமராவில் சந்தனம் பட்டுவிட்டது, ஈர்க்குச்சியால் சுரண்ட வேண்டியதாயிற்று. பொரி, கடலை, சர்க்கரை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

சாயங்காலம் கோயம்புத்தூர்க்காரர்களிடமிருந்து ஒப்பந்தம் வந்தது, கோகிலா மெயிலுக்கு. அவள் எப்போது அவர்களிடம் பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தேன். பதினாறாம் பக்கத்தில் ஆளைப் பிடித்துவிட்டேன். முப்பது சதவீதம் போக, கேட்வே கூலியும் அதன் மேல் ஜிஎஸ்டியும் விற்பவர் பங்கிலிருந்துதான் கழிக்கப்படுமாம். எழுத்தைப் பொடியாக்கி ஒளித்து வைத்திருக்கிறான்கள்.

கட்டிங் மேஜைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கோகிலா கழுத்து வளைவு ஒன்று வரைந்துகொண்டிருந்தாள்.

"பாத்தியா? முப்பது எடுக்கறதில்லாம கூலியையும் உன்ற தலையிலயே கட்டறான். இவனுங்ககிட்டப் போறேங்கறயே!"

அவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதவிட எச்சா நீங்க புடிக்கறீங்களே மாமா."

"நானா? நான் என்ன புடிக்கறேன்? ஒத்தப் பைசா உண்டா?"

"நான் வரைஞ்சத வாங்கலாம்னு வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு உங்க பேரப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. அவிய நூத்துக்கு முப்பதுதான் கேக்கறாங்க. நீங்க அம்பது எடுக்கறீங்க. அவியகிட்டயாவது என்ற பேரு இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்பெனிக்கே ஆன்லைன் விற்பனை கற்றுக்கொடுத்தவன் நான், நான் இல்லாவிட்டால் உனக்குத் தளம் ஏது, கடை ஏது என்று கத்திவிட்டேன். வேறு என்னென்னவோ சொன்னேன், இங்கே எழுத வேண்டியதில்லை. அவள் எதிர்த்துக் கத்தவில்லை. "கடைய உங்ககிட்ட இருந்து புடுங்கோணும்னு நான் நெனைக்கலீங்க. கடை இருக்கோணும்னு நெனைக்கறேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். தாளில் ஒரு சொட்டு விழுந்து கோடு கலைந்தது, அதைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள்.

வரைந்த தாளை அவள் கசக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. தனியாகச் சாப்பிட்டேன். இறங்கவில்லை.

அக்டோபர் 4, சனி

கோகிலாவின் பான், ஆதார், அவள் தையல் வகுப்புக்காக வைத்திருந்த பேங்க் கணக்கு எல்லாவற்றையும் வைத்து கேட்வேயில் புதுக் கணக்குக்கு விண்ணப்பித்துவிட்டேன். அவளிடம் கையெழுத்து வாங்கும்போதுதான் சொன்னேன். போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது.

போன மாதம் நான் சொன்ன அத்தனை சிக்கலுக்கும் ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்தது. கேட்வேக்காரர்கள் இப்போது முறையை எளிதாக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

வீடியோ சரிபார்ப்பு. லேப்டாப்பில் ஒரு பையன் தெரிந்தான், கழுத்தில் அடையாள அட்டை. கோகிலா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்றதற்கு, "மொத மொத என்ற கடைக்குப் போட்டோ புடிக்கறாங்கல்ல" என்றாள். எங்காவது திணறினால் எடுத்துக் கொடுக்கலாம் என்று பக்கத்தில் நின்றேன்.

"மேடம், பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"என்ற ஊட்டுக்காரருங்க."

"அவர் ரூமை விட்டு வெளிய போகணும் மேடம். விண்ணப்பதாரர் தனியா இருக்கணும். அது ரூல்."

என் வீட்டில், நான் வாங்கிய லேப்டாப்பின் முன்னிருந்து என்னை வெளியே போகச் சொல்கிறான். போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் எல்லாம் கேட்டது. தொழில் என்ன என்றான். அவள் சொன்னாள். படங்களை யார் தயாரிக்கிறார்கள்? நாந்தானுங்க. வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் யார் பொறுப்பு? நாந்தானுங்க. கடையை நடத்துவது யார்?

அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க" என்றாள்.

ஒரு இடத்திலும் திணறவில்லை. நான் மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

புதுக் கணக்கு திறந்துவிட்டது. செக்-அவுட் பக்கத்தை அதோடு இணைத்தேன். கோகிலா யூடியூபில் ஒரு சின்ன வீடியோ போட்டாள்: "இனிமே பணங்கட்டும்போது என்ற பேருதாங்க வரும். கோகிலவாணின்னு வரும். தெகிரியமாக் கட்டுங்க."

பணம் வருகிற டிங் சத்தம் இப்போது சமையலறையிலிருந்து வருகிறது. என் போன் சும்மா கிடக்கிறது. சார்ஜ் தீரவே மாட்டேன் என்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பொத்தானை அழுத்துகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கட்டிவிட்டுத்தான் போகிறார்கள். முன்பு திரும்பிப் போனவர்களும் வீடியோவைப் பார்த்து வந்துவிட, மூன்று நாளில் பழைய இரண்டு வாரத்து விற்பனை. கேட்வே கூலி அதே இரண்டு சதவீதம்தான், ஒரு பைசாவும் குறையவில்லை. ஆரஞ்சு நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

மதியம் கோகிலா கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"இல்லீங்க, நாங்களே நடத்திக்கறமுங்க" என்றாள். அவர்கள் விடவில்லை, இருபத்தைந்து சதவீதத்துக்கு இறங்கினார்கள். நான் இருபது கேட்கலாம் என்று விரலால் சாடை காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாமுங்க, நெம்ப நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்புறமும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. கல்யாணமான புதிதில் சென்னிமலைக்கு பஸ்ஸில் போனபோது இப்படிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் 11, சனி

ஒரு சங்கடம். கணக்கு அவள் பெயரில் இருப்பதால் உள்ளே போக எனக்கு வழியில்லை. பணம் கட்டினேன், பிடிஎஃப் வரவில்லை என்று யாராவது மெயில் போட்டால் நான்தான் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமானால் ஓடிபி அவள் போனுக்குப் போகிறது. காலையிலிருந்து அடுப்படிக்கும் லேப்டாப்புக்கும் நடையாய் நடந்தேன். ஒருமுறை மாவுக் கையோடு போனை எடுத்து நம்பர் சொன்னாள். இன்னொரு முறை நான் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"இதென்ன ரோதனைங்க! உங்களையும் உள்ள சேத்துவிட வழி இல்லீங்களா?"

இருக்கிறது. உரிமையாளர் வேறு ஒருவருக்கு அழைப்பு அனுப்பலாம். எங்கே போய் அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

திரையில் மூன்று வகை கேட்டது. எல்லாம் செய்யலாம். பேங்க் கணக்கைத் தவிர மற்றதைச் செய்யலாம். பார்க்க மட்டும் செய்யலாம். கோகிலா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள்.

"எதைங்க போடறது?"

"உன்ற இஷ்டம்" என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

உடனே போடுவாள் என்று பார்த்தால் யோசிக்கிறாள். இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு உள்ளே குமைந்தது.

"செக்-அவுட்டுல ஏதாச்சும் மாத்தறதுன்னா எங்கிட்டக் கேட்டுட்டுத்தானுங்க செய்யோணும்."

"சரி."

"நெசமாலுமா?"

"நெசமாத்தான் சொல்றேன்."

நடுவில் இருந்ததைத் தொட்டாள். பேங்க் கணக்கைத் தவிர மற்றதெல்லாம்.

என் போனுக்கு மெயில் வந்தது. திறந்தேன். 'கோகிலவாணி தமது நிறுவனத்தில் பணியாற்ற உங்களை அழைக்கிறார்' என்று இருந்தது. கேட்வேக்காரன் எல்லோருக்கும் அனுப்புகிற அச்சு வாசகம்தான். கீழே இரண்டு பொத்தான்கள். ஏற்கிறேன். வேண்டாம்.

மார்ச்சிலிருந்து பல இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இந்த நோட்டில் எழுதவில்லை, கோகிலாவிடமும் சொல்லவில்லை. ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. வேலைக்குக் கூப்பிட்டு எனக்கு வந்த முதல் மெயில் இது. மேலிருந்து இன்னொரு முறை படித்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"ரெண்டு பொத்தானையும் ஒரே அளவுல வெச்சிருக்கான் பாரு. 'வேண்டாம்' சின்னதா இருக்கணும். டிசைன் தெரியாதவன்" என்றேன்.

"அமுக்குங்க மாமா, பாலு பொங்குது" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

அமுக்கினேன்.